நாலாயிரத்து இருநூற்றுப் பதினோரு பெயர்கள்

டெல்லி துவாரகாவில் குடியிருக்கும் பத்மநாபனுக்கு, ஜனவரி ஆறாம் தேதி காலை பத்தரை மணியிலிருந்து வாயைத் திறந்தால் அடுத்தவர் பெயர்தான் வந்தது. காப்பி கேட்க நினைத்தால் "பச்சைமுத்து" என்றார். தும்மினால் "செங்கம்மாள்".

மனிதர் லேசுப்பட்டவரில்லை. லக்ஷ்மிபாய் நகரில் படித்து, இன்ஜினியராகி, சிநேகிதன் அர்விந்தோடு வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யும் கம்பெனி தொடங்கியவர். பன்னிரண்டே வருஷத்தில் அவர்கள் மென்பொருள் செத்தவர்களையெல்லாம் தேடித்தேடி நீக்கியது. சிலர் நீக்கிய பிறகுதான் செத்தார்கள். அப்புறம் வந்தது அந்த விதி: குடும்பப்பெயர்க் கட்டம் காலியென்றால் ஆள் போலி. எழுதியது சாட்சாத் பத்மநாபனேதான்! பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை "சர்நேம் க்யா ஹை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா பெயரைத் திணித்துத் திணித்து, கடைசியில் அவருக்கே அந்தக் கட்டம் நியாயமாகப் பட்டுவிட்டது. என்ன அக்கிரமம் பாருங்கள்! ஒற்றைப் பெயரோடு டெல்லி வந்து கல் சுமந்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள், நாலாயிரத்து இருநூற்றுப் பதினோரு தமிழர்கள் ஒரே அமுக்கில் காலி. அவர் வீட்டில் சமைக்கிற ஆராயியும் அதில் அடக்கம்.

"ஏன் சார், முப்பது வருசமா ஓட்டுப் போடுறேன், இப்ப நான் இல்லையாமே? அப்ப இந்தச் சாம்பார வெச்சது யாரு?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் முதல் பெயர் வந்தது.

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? நீக்கின பேரையெல்லாம் நீயே சொன்னா கான்ட்ராக்ட் போயிடும்!" என்று போனில் கத்தினான் அர்விந்த். "வடிவேல்" என்றார் பத்மநாபன். ஆராயி அவரை ஆட்டோவில் போட்டுத் தேர்தல் அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயரும் பட்டியலில் தானாக ஏறியதைக் குமாஸ்தா டீ குடித்தபடி பார்த்து, சரிதான் என்றார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடல். மூன்று நாள் ஓயாமல் சொன்னதில் அவர் தொண்டை பூசணிக்காயளவு வீங்கிவிட்டது. ஐந்தடித்தபோது பாக்கி ஒரே ஒரு பெயர்.

"டைம் கதம், பெஹன்ஜி" என்று நேரம் முடிந்ததாகக் கையை விரித்தார் குமாஸ்தா.

"ஊரு பேரெல்லாம் வருது, எம்பேரு மட்டும் தொண்டையில சிக்கிக்கிச்சா சார்?" என்றாள் ஆராயி.

வாக்குப்பதிவு நாளில் சாவடி அதிகாரி பத்மநாபனிடம் பெயர் கேட்டார். "ஆராயி" என்றார் பத்மநாபன். பட்டியலில் பத்மநாபன் பெயர் இருந்த வரியில் இப்போது, அவருடைய மூன்றாம் மாடி விலாசத்தோடு, ஆராயியின் பெயரும் மூக்குத்தி போட்ட படமும் இருந்தன. அதிகாரி ஒத்துப் பார்த்து, பின்னால் நின்ற அவள் விரலுக்கு மை வைத்தார்.

பத்மநாபனுக்குப் பேச்சு அன்றே திரும்பிவிட்டது. அவர் பெயர்தான் இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டி வாசலில் காவலாளி தினமும் யாரைப் பார்க்க வேண்டுமென்று கேட்கிறான். "ஆராயி வீடு" என்று நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போகிறார்.