பை த வே

நாத்தனாரின் நீலக் கம்பளிக் கோட்டு சுருங்கிப்போன நாளிலிருந்து லாண்டரிக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பு அவளுடையதுதான். ஓட்டல் படுக்கை விரிப்புகளோடு அதுவும் சுடுதண்ணீர் மெஷினுக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருக்கும் போலிருந்தது.

கோட்டுப் போனால் போகட்டும். அவள் பயம் வேறே. நாத்தனார் புதுசாக முடி வெட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, "தொப்பி அம்சமா இருக்கே!" என்று இவள் வாய்தவறிச் சொல்லிவிட, அவள் ஒரு வருஷம் பேச்சையே நிறுத்திவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சேதி சுமந்து புருஷன்காரன் பாதியாக இளைத்துவிட்டான். போன மாதம்தான் ராசியானார்கள். இன்னொரு தடவை முறிந்தால் ஒட்டவே ஒட்டாது.

அதனால் கோட்டை ஒரு துணிப்பையில் சுருட்டி, மேல்தட்டின் மூலையில் திணித்தாள். கோட்டுப் பேச்சு வந்தால் மாற்றவும் ஒரு வழி வைத்திருந்தாள். அது வாடிக்கைக்கார வக்கீலம்மாவிடம் கற்ற வித்தை. "அங்கி துவைச்சு மாசக்கணக்காச்சே, எப்போ எடுத்துக்குவீங்க?" என்று கேட்டால் போதும், அந்த அம்மா முகம் மாறாமல், "பை த வே, உங்க பையனுக்குப் பல்லு முளைச்சுதா?" என்பாள். இவளும் பல்லைப் பற்றி வாய் ஓயாமல் பேசி அனுப்பிவிட்டு, அங்கியைத் தூசி தட்டி மறுபடி மாட்டுவாள். தமிழில் பேச்சை மாற்றினால், 'என்ன மழுப்புறே?' என்று பிடித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷில் மாற்றினால் கூடவே வந்துவிடுகிறார்கள்!

அவள் மறந்தது மாமனாரை. கடையில் துணியை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. காது மந்தம். மகன் நாள் முழுக்க, "அப்பா, பையத் தா! ஏணி வை! சுவிட்சை ஆஃப் பண்ணு!" என்று கத்திக் கத்தி, இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறுவதில்லை.

நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, கோட்டு ரெடியா? நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன். அங்க குளிர்ல பல்லு கிட்டுதாம்."

"வாம்மா, வா. பை த வே, பாப்பா எப்படிப் படிக்கிறா?"

மாமனாருக்கு 'பையத் தா' என்று விழுந்தது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து மேஜையில் வைத்தார். நாத்தனார் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே டாக்டர் வீட்டுத் திரைச்சீலை.

"மாமா, நான் கேக்கவே இல்லியே!" என்று அவர் காதோரம் போய்க் கத்தினாள் லாண்டரிக்காரி.

"வாயாரக் கேட்டியே."

"பாப்பா நல்லாத்தான் படிக்கிறா. என் கோட்டு எங்க அண்ணி?"

"ஸ்பீக்கிங் ஆஃப் படிப்பு..."

மாமனார் சுவிட்சைத் தட்டினார். மெஷின், விளக்கு, விசிறி எல்லாம் நின்றன. அந்த அமைதியில் நாத்தனாரின் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"என்ன நடக்குது இங்க? கோட்டு எங்கன்னுதானே கேட்டேன்?"

"எனிவே!" பதற்றத்தில் லாண்டரிக்காரி கத்தியே விட்டாள்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "மகன்தான் 'ஏணி வை'ன்னு அதிகாரம் பண்றான்னா, மருமகளுமா? 'வைங்க மாமா'ன்னா வாய் வலிக்குமா?" முனகிக்கொண்டே ஏணியைச் சாய்த்து ஏறினார்.

"ஐயோ, இறங்குங்க மாமா!" என்றவள் அவசரமாக நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பை த வே, உன் முடி..."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோட்டை விட முடி ஆபத்து.

"இந்தா பை!" என்று மேலிருந்து ஒன்று விழுந்தது. முடிச்சு அவிழ்ந்தது.

நாத்தனார் தூக்கிப் பிடித்தாள். "இது எந்தக் குழந்தையோட கோட்டு?" பிறகு பொத்தானைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

லாண்டரிக்காரி கைவசமிருந்த இங்கிலீஷையெல்லாம் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"உன்னோடதுதாம்மா. சுடுதண்ணியில போட்டுத் தொலைச்சிட்டேன்."

"சுருங்கியெல்லாம் இருக்காது. போட்டா விரியும்." வீம்புக்குக் கையை நுழைத்தாள் நாத்தனார். இழுத்தாள், உதறினாள், குதித்தாள். முழங்கை தாண்டியதும் கோட்டு இறுகிக்கொண்டது. இரண்டு கையும் பக்கவாட்டில் விறைத்து நிற்க, "இனிமே செத்தாலும் உங்ககூடப் பேசமாட்டேன்!" என்று வாசலுக்குத் திரும்பினாள்.

கதவுக் கைப்பிடிக்குக் கை எட்டவில்லை. ஒருதரம் எம்பிப் பார்த்தாள். மோவாயால் அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணி."

"ம்?"

"கழட்டி விடுங்க."

"எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"

"வலது பக்கம். ஐயோ, அது கோட்டு இல்ல, என் தோலு! கண்ணு எங்க இருக்கு? நீங்க துணி துவைக்கிறீங்களா, வேகவைக்கிறீங்களா?"

"ஆமாம்மா, வெந்துதான் போச்சு."

"அண்ணன் எப்படித்தான் உங்களோட காலந்தள்ளுதோ!"

"அதானே, பாவம்."

"என்னம்மா சொல்றா?" என்றார் ஏணிமேலிருந்து மாமனார்.

"பேசறா மாமா!" லாண்டரிக்காரிக்குக் குரல் துள்ளியது. "நிறுத்தாம பேசறா!"

"கதையா அளக்குறீங்க? சீக்கிரம் இழுங்க அண்ணி!"

"இழுக்கறேம்மா, இழுக்கறேன்" என்றாள் அவள், இழுக்காமல்.