ஆணி அடித்த புளியமரம்

புயலில் குரும்பகரத்தில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் இரண்டே நாளில் வெட்டி அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சநாதன் வீட்டுக் களத்தோரப் புளியமரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதில் பேய்களை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது ஆணி, ஒன்பதும் பெண்களின் முடியோடு அடித்தவை. ஆண்களைப் பேய் பிடிப்பதில்லை போலிருக்கிறது. பிடித்தாலும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த ஒன்பதில் ஒன்று பஞ்சநாதன் மகள் இளவேனிலுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, புருஷன் வீட்டிலிருந்து மூன்றாம் முறையாக பஸ் ஏறி வந்து, இனி அங்கே போக மாட்டேன் என்று கூடத்தில் நின்று சொன்னாள். அவள் காட்டிய காயத்தை யாரும் பார்க்கவில்லை, அப்பாவை எதிர்த்துப் பேசியதைத்தான் பார்த்தார்கள். நம் பெண் இப்படிப் பேச மாட்டாள், உள்ளே இருந்து வேறு எதுவோ பேசுகிறது என்று முடிவு கட்டினார்கள். பூசாரி வந்து வேப்பிலையால் அடித்து, நீ யார் என்று கேட்டார். பஞ்சநாதன் மகள் இளவேனில் என்றாள். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா அன்னபூரணி அவள் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, உச்சிமுடியில் ஒரு கொத்தை மரத்தோடு வைத்து ஓங்கி ஓங்கி ஆணி அடித்து, முடியை வெட்டிவிட்டார்.

பேய் மரத்தில் தங்கிவிட்டது, பெண்ணைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பத்தாம் நாள் அவள் திரும்பி வந்து, அதே கூடத்தில் நின்று அதே வார்த்தையைச் சொன்னாள். பேய்தான் மரத்தில் இருக்கிறதே, இப்போது பேசுவது யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் காரைக்காலில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். துணி வெட்ட மேசை கிடையாது. தரையில் முட்டி போட்டு வெட்டி வெட்டி இடுப்பு போய்விட்டது. மரம் விழுந்த சேதி வந்ததுமே ஆறடிப் பலகை அவள் மனதில் விழுந்துவிட்டது. வேறு எந்த மரத்தின் பலகையும் அவளுக்கு வேண்டாம். தன்னைப் பேய் என்று சொல்லி ஆணி அடித்த மரத்தின்மேல் தன் கத்தரிக்கோல் ஓட வேண்டும்.

அப்பாவுக்குப் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சிவக்குமாரோ செங்கல் சுடும் காளவாய்க்காரரிடம் மரத்தை விலை பேசி முடித்திருந்தான். நெருப்பில் மரத்தோடு பேயும் போகும் என்பது அவன் கணக்கு. இளவேனில் விடவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லாரி வரும், அதற்குள் அறுத்தது உனக்கு, மிச்சம் காளவாய்க்கு என்றான். எவன் அறுக்கப்போகிறான் என்ற தைரியம் அவனுக்கு.

மரம் அறுக்கும் மில்லில் ஆணி என்றதுமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். செயின் மிஷின் வைத்து மரம் வெட்டும் டென்னிஸும் தயங்கினான்.

"பேய்க்கு நான் பயப்படலக்கா. ஆணிக்குத்தான் பயம்."

செயின் போனால் புதுசு வாங்கித் தருகிறேன், மிஷினை மட்டும் கொடு, நானே அறுக்கிறேன் என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை ஒரு வேப்பந்துண்டில் பழகினாள். மரத்தைப் படுக்கவைத்து, மேலே அலுமினிய ஏணியைத் திருகி முடுக்கி, மிஷினில் மாட்டிய இரும்புச் சட்டம் அந்த ஏணிமேல் வழுக்கிப் போனால் பலகை சமமாக வரும். சொல்வது சுலபம். அவளுடைய முதல் பலகை அப்பளம் பொரித்த மாதிரி நெளிந்து வந்தது. தள்ளாதீங்கக்கா, அது தானா போவும் என்றான் டென்னிஸ். அவளுக்குச் சுருக்கென்றது. துணியைத் தள்ளாதே, மிஷின் இழுக்கும், கை வழி காட்டினால் போதும் என்று தையல் பழக வரும் பெண்களிடம் தினமும் கத்துகிறவள் அவள்தான். இரண்டாவது பலகை நேராக வந்தது.

ஞாயிறு காலை அண்ணனின் பழைய பேன்ட், டென்னிஸின் பூட்ஸ், தலையில் ஹெல்மெட்டோடு களத்துக்கு வந்தாள். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது, ஆனால் இருபதடி தள்ளித்தான். தரையில் சிந்திய ஊசி பொறுக்கக் கடையில் வைத்திருக்கும் காந்தத்தைப் பட்டைமேல் ஓட்டினாள். ஒட்டிய இடத்திலெல்லாம் தையல் சாக்பீஸால் வட்டம் போட்டு, உளியால் நோண்டி ஆணிகளைப் பிடுங்கினாள். பிடுங்கினால் மரத்தில் இறங்கிய பேய் திரும்ப ஆள்மேல் ஏறும் என்பது ஊர் நம்பிக்கை. ஒவ்வொரு ஆணிக்கும் கூட்டம் ஓரடி பின்னால் போனது. எட்டு ஆணி கிடைத்தது. ஒன்பதாவது கிடைக்கவில்லை.

பட்டையோடு மேல்சீவலை அறுத்து எடுத்துவிட்டு மேசைப் பலகையைத் தொடங்கினாள். அறுத்த வழி மூடிக்கொள்ளாமல் டென்னிஸ் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு வந்தான். மூன்றடி வந்திருக்கும், கிரீச் என்று சத்தம் வந்து நெருப்புப் பொறி பறந்தது. மிஷின் உதறியது. நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒன்பதாவது ஆணி பாதியாக அறுந்து மரத்துக்குள் மின்னியது. செயினின் பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

"போதும் விடு, மானம் போவுது" என்றான் சிவக்குமார்.

மூன்றடியில் நறுக்கிக்கொள்ளலாம், டீப்பாய்க்கு ஆகும் என்றான் டென்னிஸ். அவள் அரத்தைக் கேட்டு வாங்கினாள். அடிமரத்தின்மேல் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பல்லையும் ஒவ்வொன்றாகத் தீட்டினாள். தீட்டி முடிப்பதற்குள் மணி மூன்றரை. மறுபடி மிஷின் கிளம்பியபோது தூள் மாவாக வராமல் சீவலாக வந்தது, பல்லில் கூர் ஏறிவிட்டது என்று டென்னிஸ் கட்டைவிரலைக் காட்டினான்.

ஓரடி மிச்சம் இருக்கும்போது லாரி வந்து நின்றது. அறுபட்ட முனை ஆடத் தொடங்கியது. ஆடினால் பல் சிக்கிக்கொள்ளும். டென்னிஸ் ஆப்பை விட முடியாது. முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கூட்டத்தைப் பார்த்தாள். பேய் அவிழ்ந்துவிட்ட மரத்தைத் தொட ஒருவரும் வரவில்லை. அம்மா வேலியோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இளவேனில் மிஷினை நிறுத்தினாள்.

"அம்மா. அன்னைக்கி என் தலையப் புடிச்சில்ல? வந்து இதப் புடி."

சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. போகாதேம்மா என்றான் சிவக்குமார். அன்னபூரணி அவனைப் பார்க்கவே இல்லை. நேராக நடந்து வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, பலகையின் முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்த அதே பிடி. இளவேனிலுக்கு அடையாளம் தெரிந்தது.

பலகை முழுசாக வந்தது. ஆறடி, நடுவில் அறுந்த ஆணி, அதைச் சுற்றிக் கறுத்த கறை. அன்னபூரணி விரலால் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது ஏறியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"வந்தா வரட்டும்மா, கடையில காஜா எடுக்க ஆளில்ல" என்றாள் இளவேனில்.

அம்மா சிரிக்கவில்லை. குறடு எடுத்துவரவா, இதைப் பிடுங்கிவிடலாம் என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கட்டும். கடைக்கு வர்ற பொண்ணுங்க என்னான்னு கேப்பாங்க. சொல்லணும்."

அன்னபூரணி ஆணியைச் சுற்றி ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டிவிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"சொல்லு. நான்தான் புடிச்சுக்கிட்டேன்னும் சேத்துச் சொல்லு."

"சொல்லுவேன்" என்றாள் இளவேனில்.