மெர்லுக்கு மூன்று ஸ்பூன்

மெர்ல் க்ரோலுக்கு நான் ஊட்டியது மூன்று ஸ்பூன். நான்காவதை அவர் வாங்கவில்லை.

ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலற்றுப் போயிற்று. பேச்சு போயிற்று. விழுங்குவதும் பாதி போயிற்று. எதைக் கொடுத்தாலும் கூழாக அரைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்க வேண்டும். தவறினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அவர் மனைவி ஆர்டித் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது மருத்துவமனையில் ஒன்று சொல்லி அனுப்பினார்கள். நிமோனியா வந்தால் அப்புறம் வீடு கிடையாது. நாற்பது மைல் தள்ளி, மாவட்ட நிர்வாகமான கவுண்டி நடத்தும் முதியோர் இல்லம்தான்.

ஆர்டித் அதை என்னிடம் சொன்னாள். "அங்க விட்டா ஒரு வாரத்துல முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. எனக்குத் தெரியும்" என்றாள்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் மாதிரி ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் தேவாலயச் சபை சமைக்கும். சபைக் கூடத்து நடையில் ஒரு தாள் தொங்கும். நாள்கள் இடது பக்கம், பெயர்கள் வலது பக்கம். அந்தத் தாளை முப்பது வருடங்களாக எழுதுகிறவள் நான்தான். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அவரவர் பெயரை எழுதுவோம். சாப்பிட்டவர்கள் கழுவித் திருப்பித் தருவார்கள்.

யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எங்கள் பாஸ்டரின் மனைவிக்குக் கொட்டைப் பருப்புகள் ஆகாது. தொண்டை வீங்கிவிடும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருக்குப் பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட பை என்ற இனிப்புப் பலகாரம் பதினொன்று வந்தன. பதினொன்றையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, கராஜுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். ஊருக்கே தெரியும். மறு வருடம் ஒன்பது வந்தன.

ஆர்டித் வீட்டுக்கு வாரம் மூன்று பாத்திரங்கள் போயின. மெர்ல் என்ன சாப்பிட முடியும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வந்ததையெல்லாம் அவளே தனியாகச் சாப்பிட்டாள்.

"ஆர்டித் கொஞ்சம் பூசினாப்பல இருக்கால்ல?" என்றாள் ஜோலீன், சபைச் சமையலறையில்.

"சில பேருக்குத் துக்கத்துலதான் நல்லா பசிக்கும்" என்றேன்.

சிரித்தோம்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை நான் கோழி நூடுல்ஸ் கொண்டுபோனேன். மேலே சீஸ் போட்டு, ஓவனில் வைத்து, விளிம்பு முறுகலாக. ஆர்டித் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"லவோன், அரை மணி நேரம் இருப்பியா? மருந்துக் கடைக்குப் போகணும். பொடி தீந்துபோச்சு."

"போயிட்டு வாடி. நான் என்ன, உன் புருஷனத் தூக்கிட்டா ஓடப் போறேன்?"

"தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போ. இருநூத்திப் பத்து பவுண்டு." கோட்டை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "எதுவும் குடுத்துராத. வந்து நான் பாத்துக்கறேன்."

மெர்ல் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்துத் தட்டில் பட்டாணிக் கூழ் பாதி மிச்சம் இருந்தது. அதன் நிறத்தை நான் சொல்ல விரும்பவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் நர்ஸ் ஒட்டிய தாள் இருந்தது. கூழ் மட்டும். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும். தாடை கீழே இருக்க வேண்டும். அதை நான் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தேன்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சபை விருந்துகளில் என் நூடுல்ஸுக்காக இரண்டாம் முறை வரிசையில் நிற்பவர் அவர். "லவோன், உன் வீட்டுக்காரன் குடுத்துவச்சவன்" என்பார், ஆர்டித் காதில் விழும்படி.

ஒரு ஸ்பூன் எடுத்தேன். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. அந்த வருடம் முழுக்க நான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தேன். இரண்டாவது. மூன்றாவதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான்காவதற்கு உதட்டை மூடிக்கொண்டார். அவர் இருமவில்லை. இருமியிருந்தால் பயந்திருப்பேன்.

ஸ்பூனைக் கழுவி வைத்தேன். நூடுல்ஸில் விழுந்த பள்ளத்தை நிரவிவிட்டேன்.

ஆர்டித் வந்தாள். "ஏதாச்சும் குடுத்தியா?"

"இல்லையே" என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். சோள ரொட்டி கொண்டுபோனேன். மெர்லுக்கு உடம்பு சுட்டது. ஆர்டித் இரண்டு நாளாகக் குளிக்கவில்லை என்பது தெரிந்தது. "போய்க் குளி. நான் இருக்கேன்" என்றேன். அவள் என் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். பிறகு, "நன்றி, லவோன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் விழும் சத்தம் வராந்தா வரை கேட்டது. மெர்லின் கையைப் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது. நிமோனியா.

மருத்துவமனையில் ஆர்டித்திடம் கேட்டார்கள். திட உணவு உள்ளே போயிருக்கிறது, யார் கொடுத்தது என்று. "நான் கூழ்தான் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். மனைவி உணவு விதிகளைப் பின்பற்றவில்லை என்று எழுதினார்கள். மெர்ல் பிழைத்தார். அங்கிருந்து நேரே கவுண்டி இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸை நிறுத்தினார்கள். கட்டிலையும் சளி உறிஞ்சும் கருவியையும் எடுத்துப் போனார்கள். அவை இல்லாமல் ஆர்டித்தால் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

எங்கள் சபையில் ஜெபச் சங்கிலி உண்டு. முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு ஃபோன் செய்ய வேண்டும். அவர் மூன்றாம் ஆளுக்கு. அப்படியே இருபது வீடுகள். முதல் ஆள் நான்.

"ஆர்டித்துக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன் ஜோலீனிடம். "பாவம், அசதி. சாப்பாட்டு விஷயத்துல கவனம் தப்பிருச்சு."

"ஐயோ. அவளே குடுத்துட்டாளா?"

"நாம தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்றேன்.

மாலைக்குள் இருபது வீட்டிலும் அவளுக்காக ஜெபித்தார்கள்.

ஆர்டித் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட மாட்டாள். செவ்வாயும் வெள்ளியும் நான்தான் அவளை இல்லத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அவள் மெர்லுக்கு ஊட்டக் கூடாது என்று கோப்பில் எழுதியிருந்தது. பக்கத்தில் உட்காரலாம். அவள் மறுவிசாரணை கேட்டு எழுதிப் போட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இல்லத்துக்கே வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரமும் நான் நடத்தும் பெண்கள் வேதபாட வகுப்பில் பாடம் விடாமுயற்சி. உதாரணத்துக்கு ஆர்டித்தைச் சொன்னேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஸ்பூனை எண்ணினால் எண்பது, தொண்ணூறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விழுங்கல். ஒரு நாளும் அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆர்டித் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழனுக்கு முந்தின நாள் அவள் வீட்டுச் சமையலறையில் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், சபையில் சாட்சி சொல்வது மாதிரி. ஸ்பூனைக் கழுவியது, நிரவிவிட்டது எல்லாம். நடுவில் அழுதேன். ஆர்டித் உட்கார்ந்திருந்தாள்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. கன்னத்துக்குள்ள நூடுல்ஸ் இருந்துச்சு. விரல விட்டு எடுத்தேன்."

"ஏன் ஆர்டித் என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. இல்லையேன்னு சொன்ன."

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? ஊருக்கே சோறு கொண்டுபோறவ நீ. புருஷன் இப்படிக் கெடக்கான், இவ வந்தவ மேல பழி போடுறான்னு எனக்கு இன்னொரு ஜெபச் சங்கிலி ஓடியிருக்கும்." அவள் குரல் உயரவேயில்லை. "அப்புறம் என்னை யாரு அங்க கூட்டிட்டுப் போவா? யாரு கார்ல?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இருபத்தி ரெண்டு நாள், லவோன். ஒவ்வொரு தடவை நீ கார்ல ஏறும்போதும் இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ பூசணிக்கா பைக்கு எவ்வளவு பட்டைப் பொடி போடணும்னு சொல்லிட்டு வந்த."

"என்னை மன்னிச்சிரு."

"நாளைக்கு அங்க வந்து சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கவுண்டியின் அதிகாரி மிஸஸ் டுவோராக் என்னைவிட இருபது வயது சின்னவர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. எனக்கு மனசு லேசாயிற்று. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மிஸஸ் டுவோராக் ஆர்டித் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும், மிஸஸ் க்ரோல்?"

ஆர்டித் பொய் சொல்ல மாட்டாள். "அன்னிக்கே."

"புதன்கிழமையே?"

"ஆமா."

"டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா மூணு நாள் முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. தெரியுமில்ல?"

ஆர்டித் மடியில் இருந்த கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். "தெரியும்."

"வெள்ளிக்கிழமை இவங்க மறுபடி வந்தாங்களா?"

"வந்தா."

"அப்போ இவங்ககிட்ட அவர விட்டுட்டு எங்கயாவது போனீங்களா?"

"குளிக்க. பத்து நிமிஷம். கதவத் தொறந்துதான் வச்சிருந்தேன்."

"எதுக்குத் தொறந்து வச்சீங்க?"

ஆர்டித் மேல் கையுறையின் விரல்களை நீட்டிவிட்டாள்.

"இவங்க மேல நம்பிக்கை இல்லாமத்தான? அப்படின்னா ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"அவ உதவி பண்ண வந்திருந்தா" என்றாள் ஆர்டித். "போய்க் குளின்னா. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

மிஸஸ் டுவோராக் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"மெர்ல திருப்பி அனுப்பறோம்னு வச்சுக்குங்க. அடுத்த வாரம் யாரோ ஒரு பாத்திரத்தோட உங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் கொஞ்சம் அவர்கூட இருக்கேன், நீ போய்ப் படுத்துக்கோன்னு சொல்றாங்க. என்ன பண்ணுவீங்க?"

ஆர்டித் என்னைப் பார்த்தாள். வெளியே நிறுத்தியிருந்தது என் கார். அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டியவள் நான். சொல்லு, ஆர்டித், கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல் என்று நினைத்தேன்.

"அவங்க மனசு நோகுமே" என்றாள்.

மிஸஸ் டுவோராக் எழுதினார். வெகு நேரம் எழுதினார். அப்புறம் எங்களுக்குப் படித்துக் காட்டினார். திட உணவு கொடுத்தவர் மனைவி அல்ல என்று திருத்தப்படுகிறது. ஆனால் மனைவி ஆபத்தை அறிந்தும் மறைத்தார், அதே ஆளை மறுபடி அனுமதித்தார், இனியும் யாரையும் மறுக்க இயலாதவர் என்று தெரிகிறது. ஆகவே வீடு பாதுகாப்பானதல்ல. நோயாளி இங்கேயே இருப்பார்.

"நான் உண்மையத்தானே சொன்னேன்" என்றேன்.

"ஆமாம்மா" என்றார். "நீங்க சொல்லலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

நடைபாதையில் ஆர்டித் என்னைவிட நான்கடி முன்னால் நடந்தாள்.

"பாஸ்டர்கிட்டச் சொல்லி ஒரு கடிதம் வாங்கிடலாம். சபை மொத்தமும் கையெழுத்துப் போடும். நான் வீடு வீடாப் போறேன்" என்றேன்.

நின்றாள். திரும்பவில்லை.

"நீ ஒண்ணும் செய்யாத, லவோன்."

மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டுக் கூடத்தில் சக்கர நாற்காலிகள் எட்டு வட்டமாக நின்றன. நடுவில் உருளும் முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து, கால்களால் தள்ளித் தள்ளி ஒவ்வொருவராக ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயது இருக்கும். கண் சுவரில் இருந்த டிவியில் இருந்தது. கை தானாகப் போய் வந்தது. மெர்ல் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கம் சரிந்திருந்தார். மோவாயில் கூழ் வழிந்து காய்ந்திருந்தது.

ஆர்டித் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் கைக்குட்டையை எடுத்தாள். "துடைக்கறது நாங்க பாத்துக்கறோம்" என்றாள் அந்தப் பெண், டிவியைப் பார்த்தபடி. ஆர்டித் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

"தாடையக் கீழ இறக்குங்க, மெர்ல்" என்றாள் மெதுவாக. "முழுங்குங்க. இன்னொரு தடவ."

அவர் இரண்டாம் முறை விழுங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறந்தே இருந்தது.

நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் முறை ஆறு நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண் முக்காலியை அடுத்த நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.