கணினி எழுதிய மன்னிப்பு

ஆண்டின் கடைசி நாளில், பாலிகே ஊரிலுள்ள தோகாரின் வீட்டில் எல்லோரும் ஜெபத்துக்கு உட்காருவார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் குறைகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். பாத்தாம் தீவில், மனிதர்களைப் போலப் பேசக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்த தோகார், இந்த முறை வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, போன் வழியே கலந்துகொண்டான். அழாமல் பேசிவிட வேண்டும் என்று, தன் மன்னிப்பை அந்தக் கணினியிடமே எழுதி வாங்கியிருந்தான்.

தாளைப் பார்த்துத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தான்.

"போதகரே, காணிக்கைத் தட்டை எடுத்துட்டு வரவா?" என்று தங்கை தியூர் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குய்யா. ஆனா நீ செஞ்ச தப்பு ஒண்ணுகூட இதுல இல்லையே. நான் எதை மன்னிக்கிறது?"

கணினிக்கு எப்படித் தெரியும்? அவன் அதனிடமும் எதையும் சொல்லவில்லை. தோகார் தாளைக் கீழே வைத்தான்.

"நீ கூப்பிட்டப்பல்லாம் வேலை இருக்குன்னு பொய் சொன்னேம்மா. சும்மாதான் படுத்துக் கிடந்தேன். உன் குரலைக் கேட்டா ஊருக்கே திரும்பிருவேனோன்னு பயம். கோயிலுக்கும் போகல. இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதும்மா."

குரல் உடைந்து நின்றுவிட்டது.

"இதை மன்னிச்சிட்டேன்யா," என்றாள் அம்மா. "அடுத்ததைச் சொல்லு."