தாழ்ப்பாள் போடாத கதவு

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. இரவு வேலை முடிந்து வந்து, பகலில் தூக்கம் வராமல் கொட்டாஞ்சேனை அறையில் கிடந்தேன். சுவருக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம். கூடவே ஒரு பெண் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு ஓர் ஆண் குரல், "ஓமப்பா, கேக்குது" என்றது.

மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: பேலியகொடைக் களஞ்சியத்தில் கஜேந்திரனுக்கு வேலை போன அன்று மழை—

(மழை வேண்டாம். வேலை நல்ல வெயிலிலும் போகும்.)

இரண்டாவது: கஜேந்திரனின் மனைவி சாம்பவிக்கு வலிப்பு. அவளுடைய மருந்துக் குளிசைகள் அவன் கம்பனியின் மருத்துவக் காப்புறுதியில் வந்துகொண்டிருந்தன. வேலையோடு அதுவும் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் எல்லாம் இலவசம். அந்தக் குளிசை மட்டும் இல்லை. வெளியே வாங்கச் சொன்னார்கள்.

இது நிற்கட்டும்.

3

அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாம்பவி குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டாள், வாயையும் மூடமாட்டாள். குரல் நின்றால் கஜேந்திரன் உள்ளே ஓட வேண்டும்.

"இன்டர்வியூவுக்கு அந்தக் கத்தரிக்காய்க் கலர் சேர்ட்டையோ போடப்போறீங்கள்? வேலை தர இருந்தவனும் ஓடிடுவான்."

"நீர் குளியும்."

"கேக்குதோ? இன்னும் சாகேல்ல."

"கேக்குதப்பா."

4

சாம்பவியை நான் நம்பவில்லை. இவ்வளவு பகிடி விடுகிறவளுக்குப் பயம் எங்கே இருக்கும்? தேடினேன். ஒரு நாள் காலையில், பிளேட்டால் வெட்டிய குளிசையின் பாதி மேசையில் கிடந்ததைக் கஜேந்திரனுக்குக் காட்டினேன்.

"என்னப்பா இது?"

"முழுசு தொண்டையில சிக்குது."

"முந்தி சிக்கேல்லையே."

"முந்தி உங்களுக்கு வேலை இருந்தது."

அவன் பிளேட்டைப் பிடுங்கி எறிந்தான் என்று எழுதினேன். பொய். அந்தப் பாதியை ஈரம் படாத இடமாகப் பார்த்துப் பத்திரப்படுத்தினான். அதன் பிறகு, அவள் குளிக்கும்போது கதவடியில் கதிரை போட்டு உட்காரத் தொடங்கினான். மருந்து குறைந்த அளவுக்குக் காதைக் கூர்மையாக்கினால் போதும் என்று நினைத்தான்.

5

வியாழன் காலை. உள்ளே சாம்பவி, வெள்ளவத்தை மச்சாளின் புதுச் சாரியை வாயாலேயே கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வத்தளைத் தொழிற்சாலை, அவன் காத்திருந்த அழைப்பு.

"லைன்ல நில்லுங்கோ, மனேஜர் கதைப்பார்."

ஒரு காதில் போன். மற்றக் காதில் தண்ணீர். குரல் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சாம்பவி?"

"ஹலோ, கஜேந்திரனோ? நைட் ஷிஃப்ட் செய்வீங்கள்தானே? வீட்டில ஆருக்கும் நோய் வருத்தம் ஒண்டும் இல்லையே?"

6

முடிவு ஒன்று: முகமெல்லாம் சவர்க்கார நுரை. வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாள்.

முடிவு இரண்டு: தரையில் அவள்—

முடியாது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன். எனக்குக் கேட்பது தண்ணீர் மட்டும். கஜேந்திரன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கதவுக்குக் கிட்ட இருப்பது நீங்கள்தான்.

தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளுங்கள்.