சூடு இறங்கிய தொட்டி

சிங்கவரம் போகும் சாலையில், குஞ்சம்மாள் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த எரிவாயுத் தொட்டியைப் பீமாராவ்தான் கட்டினான். செஞ்சி பஜார் ஓட்டல்களின் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் அதில் விழும். வருகிற கேஸில் மெஸ்ஸின் இட்லி வேகும். மற்ற தொட்டிகளைப் போல இல்லாமல், கரண்ட் ஹீட்டர் வைத்த இதன் வயிற்றில் எப்போதும் ஐம்பத்தைந்து டிகிரி சூடு.

கல்யாணமான புதிதில் மனைவி அறிவுமதியின் கையை மூடிமேல் வைத்துச் சொன்னான். "உள்ள ஒரு கூட்டம் சோத்தப் புளிக்க வச்சிடும். வினிகர்ல இருக்குதே, அந்த அசிட்டிக் அமிலம். இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பத் தின்னுட்டு மீத்தேனா விடும். கண்ணுக்கே தெரியாததுங்க. இந்தச் சூட்டுலதான் அதுங்களுக்கு உசுரு. சூடு எறங்குச்சின்னா மொதல்ல சாவறது அந்த ரெண்டாவது கூட்டந்தான்."

பங்குனியில் மஞ்சள் காமாலை வந்து பீமாராவ் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாளே அறிவுமதி தொட்டியடியில் நின்றாள்.

"கொஞ்ச நாள் வூட்ல இரும்மா," என்றாள் குஞ்சம்மாள்.

"அதுங்களுக்குப் பசிக்கும்க்கா."

கார்த்திகைப் புயலில் ஏரி உடைந்து ஊரெல்லாம் வெள்ளம். மின்கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது போனதுதான். ஹீட்டர் நின்றது. அறிவுமதி தொட்டியைச் சுற்றி வைக்கோல் அடைத்தாள், வீட்டுப் போர்வைகளைப் போர்த்தினாள், மேலே தார்ப்பாய் கட்டினாள். அவளும் குஞ்சம்மாளும் ஈர விறகை ஊதி ஊதி வெந்நீர் காய்ச்சித் தொட்டிக் குழாயில் ஊற்றினார்கள். அத்தனை பெரிய தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? சூடு நாளுக்கு நாள் இறங்கியது.

கரண்ட் திரும்பியதும் அவசரப்படாமல் சூட்டை ஏற்றினாள். தீனியை நிறுத்தினாள். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டாள். புளிப்பு அடங்கவில்லை. புளிக்க வைக்கிற கூட்டம் பிழைத்துக்கொண்டது. அதைத் தின்கிற கூட்டம் எழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் நீலமாய் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"இன்னாம்மா இது, ஊறுகாப் பானையத் தொறந்தாப்ல நெடி அடிக்குது?"

"செத்துப்போச்சுக்கா."

"மொதல்ல பீமா அந்தக் கூட்டத்த வாங்கியாந்த எடத்துலயே திரும்பக் கேளேன். குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க." அறிவுமதி வால்வை மூடினாள். "அதெல்லாம் அவன் கையால தின்னதில்லக்கா."

அன்று மதியம் குஞ்சம்மாள் ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவந்தாள். புளி வாசனை அறிவுமதியின் மூக்கில் ஏறியது. தட்டைத் தள்ளிவிட்டு, மெஸ்ஸில் ஆள் இருப்பதையும் பாராமல், வாய்விட்டு அழுதாள். பீமாராவைத் தூக்கிப்போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

தொட்டியைக் காலிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. தை பிறந்ததும் சாணி கரைத்து ஊற்றினாள், ஹீட்டரைப் போடவில்லை. சாணியோடு வந்த கூட்டத்துக்கு வெயில் சூடே போதும். கேஸ் வந்தது, ஒரு அடுப்புக்குப் போதுகிற அளவு. மற்ற அடுப்புகளுக்குக் குஞ்சம்மாள் சிலிண்டர் வாங்கிக்கொண்டாள். தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் எதையாவது கேட்டால், "சாதா சாணித் தொட்டிதாங்க," என்று சொல்லிவிட்டு அறிவுமதி உள்ளே போய்விடுவாள்.