மேனேஜரிடம் ஒரு வார்த்தை

என்னை யாராலும் ஏமாற்ற முடியாது. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தப் பிரிவு, செருப்பின் அளவு போல இதுவும் என்னைப் பற்றிய ஒரு தகவல். பேரம் பேசுவதன் உளவியல் பற்றிக் கல்லூரியில் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதியவன் நான். 'சந்தேகம் அதிகம், சான்று குறைவு' என்று ஓரத்தில் எழுதி, பாதி மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் பேராசிரியர். மீதிப் பாதியை அவர் எதற்காகப் பிடித்து வைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

ஆகவே, அக்கா கார் வாங்கியாக வேண்டும் என்று ஆனபோது, யாரும் கேட்காமலேயே அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளுடைய பிரிவை மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். பதிலுக்கு, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் வேலை ஒன்று கிடைத்தது. ஒரே நிபந்தனை, சொந்தக் கார் வேண்டும். அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வருகிற திங்கட்கிழமை காலை காரோடு போய் நிற்காவிட்டால், வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், தினமும் மதியம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்தான். "கார் பாத்துட்டியா?" என்று தினமும் அக்கறையாக விசாரிக்கிறாளாம். அந்த அக்கறையும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் வீட்டில் காரே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அப்பாவின் கார் இருந்தது. பத்தொன்பது வயது, என்னைவிட ஒரு வயது இளையது. அதன் பின்கதவு இரண்டும் உள்ளேயிருந்து திறக்காது. பின்னால் உட்கார்ந்தவரை யாராவது இறங்கி வந்து விடுதலை செய்ய வேண்டும். தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு யாரோ பெரிய மனிதர் வந்து இறங்குவது போலத் தெரியும். அதனால் அப்பா அதைச் சரி செய்யவே இல்லை.

முதல் ஷோரூமை நான் வாசலிலேயே நிராகரித்தேன். உள்ளே நுழைந்த நாலாவது நொடியில் அங்கிருந்த ஆள் என்னை "பிரதர்" என்றார். நாலு நொடியில் உறவு கொண்டாடுகிறவர் நாற்பது நொடியில் வீட்டுப் பத்திரத்தையே கேட்பார். இரண்டாவது இடத்தில் ஜூஸ் கொடுத்தார்கள்.

"ஓசியில ஜூஸ் குடுக்கறாங்கன்னா, அந்தக் காசை எதுல ஏத்தியிருப்பாங்கன்னு யோசி" என்றேன் அக்காவிடம்.

"என் டம்ளரையும் சேத்து நீதானடா குடிச்ச?"

"பரிசோதிச்சேன்."

மூன்றாவது, பழைய கார்கள் விற்கும் பெரிய கூடம். அங்கேதான் அந்தச் சாம்பல் நிறக் கார் நின்றது. நாலு வயது. அக்காவின் கண் அதன்மேல் விழுந்ததைப் பார்த்ததும் அவளுக்கும் காருக்கும் நடுவே போய் நின்றேன். கார் பிடித்திருப்பது முகத்தில் தெரிந்தால் விலை ஏறும். இதற்காக நாங்கள் ஏற்கெனவே ஜாடை பேசி வைத்திருந்தோம். நான் ஒருமுறை இருமினால் 'சிரிக்காதே' என்று அர்த்தம். இரண்டு முறை இருமினால் 'கிளம்பு.'

விற்பனையாளர் வந்தார். அவருடைய டை பெல்ட்டையும் தாண்டிக் கீழே தொங்கியது. எங்களுக்குள் அவருக்கு 'டை' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"டயர் எல்லாம் பளபளன்னு இருக்கே?" என்று ஆரம்பித்தேன்.

"பாலிஷ் போட்டிருக்கோம் சார்."

"எதுக்கு?"

டை கொஞ்சம் யோசித்தார். "பளபளன்னு இருக்கத்தான் சார்."

"இந்தப் பக்கம் ஏன் சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்கீங்க?"

"நிழலுக்கு சார்."

"கூரைக்கு அடியில ஏது வெயில்?"

டை காரை வெளியே எடுத்துக் காட்டினார். சுவர்ப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. இது என் சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

அக்கா ஓட்டிப் பார்த்தாள். ஒரு சுற்று வந்து இறங்கியபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு. நான் இருமினேன். சிரிப்பு குறையவில்லை. இன்னும் பலமாக இருமினேன்.

"தம்பிக்குத் தண்ணி வேணுமா?" என்றார் டை. 'சார்' தம்பியாகிவிட்டதைக் குறித்துக்கொண்டேன்.

பேரம் தொடங்கியது. அவர் ஒரு விலை சொன்னார். நான் சிரித்தேன். அவர் முகம் வாடியது. "என் கையில எதுவும் இல்லை மேடம். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனார். மூன்று நிமிடம் கழித்து வந்தார். ஐயாயிரம் குறைத்தார். நான் மறுபடி சிரித்தேன். மறுபடி போனார். வந்தார். "சண்டையே போட்டுட்டேன் மேடம்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஐயாயிரம் குறைத்தார்.

ஒரு ஊழியன் தன் மேலதிகாரியோடு நமக்காக எதற்குச் சண்டை போட வேண்டும்? மூன்றாவது முறை அவர் போனபோது, பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

சின்ன அறை. ஒரு தண்ணீர்க் கேன், ஒரு டம்ளர், சுவரில் கடிகாரம். ஒரு நாற்காலி, அதில் ஒரு கோட்டு தொங்கியது. கோட்டுக்குள் யாரும் இல்லை. டை நின்றபடி தண்ணீர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை ஒருமாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினார்.

நான் ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"ரொம்பக் கோபப்பட்டுட்டார் மேடம்" என்று ஆரம்பித்தார் டை.

"யாரு? தண்ணிக் கேனா?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததையெல்லாம் அந்த இடத்திலேயே, டம்ளர் கழுவியது உட்பட, நடித்துக் காட்டினேன். பக்கத்து மேஜையில் கார் பார்க்க வந்திருந்த தம்பதி சிரித்தார்கள்.

டை நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி தம்பி. மேனேஜர் இல்லை. அப்ப இங்க நான்தான் மேனேஜர். மேனேஜரா சொல்றேன், இதுக்கு மேல ஒரு பைசா குறையாது."

நான் அதை வெற்றியாகவே கருதினேன். அக்கா அப்படிக் கருதவில்லை. "இன்னும் ரெண்டு தடவை தண்ணி குடிக்க விட்டிருந்தா பத்தாயிரம் குறைஞ்சிருக்கும்டா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பேங்க் கடன், அக்காவின் சேமிப்பு எல்லாம் போக நாற்பதாயிரம் துண்டு விழுந்தது. நாங்கள் வந்திருந்த அப்பாவின் காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வீர்களா என்று அக்கா கேட்டாள். டை அதைச் சுற்றிப் பார்த்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் அவரால் இறங்க முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய வாய் மட்டும் அசைந்தது. நான்தான் போய்த் திறந்துவிட்டேன்.

"இருபதாயிரம்" என்றார் இறங்கியதும். "சாம்பல் வண்டியை சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருக்கேன். அப்புறம் வேற பார்ட்டி."

"அந்தப் பார்ட்டியும் உள்ள தண்ணி குடிச்சுட்டு இருக்காரா?"

அக்கா இரண்டு முறை இருமினாள்.

வீட்டில் டையாக நடித்துக் காட்டினேன். அப்பா சிரித்துப் புரையேறினார். அப்பா லிஃப்ட் மெக்கானிக், எதையும் நம்புகிறவர். கல்லூரி கேண்டீனில் இரண்டு காட்சிகள் போட்டேன். மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் மூன்றாவதும்.

"நாம நம்ம காரை விக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லி விப்போம். இந்தப் பாலிஷ், சுவரு, மேனேஜர் கதையெல்லாம் கிடையாது" என்று வீட்டில் அறிவித்தேன். விளம்பரத்தையும் நானே எழுதினேன். 'பத்தொன்பது வயது. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஏசி உண்டு, குளிர் இல்லை. மற்றபடி நல்ல கார். நாற்பத்தைந்தாயிரம்.'

மூன்று நாளில் இரண்டு போன் வந்தது. ஒருவர், இது எவனோ காலேஜ் பையன் செய்த நக்கல் என்று திட்டிவிட்டு வைத்தார். இன்னொருவர் கதவு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'ஒரே ஓனர். பொறுப்பான குடும்பம்.'

"பொறுப்பான குடும்பமா? இது பொய்யில்லையா?"

"நானும் அப்பாவும் இருக்கோம்ல."

பத்து நிமிடத்தில் போன் வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை எங்கேயோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதென்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். "லிஃப்ட் குழிக்குள்ள போன் எடுக்காது. நாப்பதுக்குக் குறையாம எதுவா இருந்தாலும் நீயே முடிச்சிடு" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழு அதிகாரம்.

நான் காரைக் கழுவினேன். கழுவியது சுத்தத்துக்காக. அப்பாவின் பெட்டியில் கொஞ்சம் பாலிஷ் மீந்திருந்தது; வீணாகப் போகுமே என்று டயருக்குப் போட்டேன். முன்பக்கம் அடிபட்டு நசுங்கிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் மதில் சுவரோடு ஒட்டும்படி காரை நிறுத்தினேன்.

கண்ணாடிக் கடைக்காரர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்தார். காரின் கண்ணுக்குள் பார்ப்பது போல விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"டயர் பளபளன்னு இருக்கே தம்பி?"

"பாலிஷ் போட்டிருக்கேன் சார்."

"எதுக்கு?"

பதினெட்டுப் பக்கக் கட்டுரையை மனதுக்குள் புரட்டினேன். வேறு பதில் கிடைக்கவில்லை. "பளபளன்னு இருக்கத்தான் சார்."

"சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்கீங்க?"

"நிழலுக்கு சார்."

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்தே மேகமூட்டம். சுவருக்கும் காருக்கும் இடையில் பக்கவாட்டில் நுழைந்து, டார்ச் அடித்து, நசுங்கலைப் பார்த்துவிட்டு வந்தார். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

பின்கதவு விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. தவிர, அவர் பின் சீட்டில் ஏறப்போய்க்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு" என்றார்.

"நாப்பத்தஞ்சு சார். ஒரே ஓனர்."

"கதவு?"

"நாப்பத்துமூணு."

"நசுங்கல்?"

"நாப்பத்தொண்ணு."

"முப்பத்தெட்டு. அதுக்கு மேல இல்லை தம்பி." திறந்து பார்க்கக் கொடுத்திருந்த சாவியை என் பக்கம் நீட்டினார்.

மணி நாலு பத்து. சமையலறை ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். தோளில் பை, பைக்குள் பேங்க் காகிதங்கள். ஷோரூமுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். கண்ணாடிக் கடைக்காரரின் விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டுக்குச் சரி என்றால் சாம்பல் கார் இல்லை. முடியாது என்றால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. திங்கட்கிழமை மதியம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி அக்கறையாக விசாரிப்பாள்.

"ஒரு நிமிஷம் சார். என் கையில எதுவும் இல்லை" என்றேன். குரல் என்னுடையதுதான். "உள்ள அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

சமையலறைக்குள் போனேன். ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். எட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

"அப்பா இல்லையேடா" என்றாள் அக்கா.

"தெரியும்."

குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று டையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அக்கா என்னையும் டம்ளரையும் மாறிமாறிப் பார்த்தாள். கடைசியில் குழாயைத் திறந்து விரல் நுனியை நனைத்து என் நெற்றியில் நாலு துளி தெளித்துவிட்டாள்.

நான் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"சண்டையே போட்டுட்டேன் சார்" என்று நெற்றியைத் துடைத்தேன். "நாப்பது. அதுக்குக் கீழ அப்பா இறங்க மாட்டேங்கிறார்."

கண்ணாடிக் கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, முதன்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த ஜன்னல் திரையைப் பார்த்தார். அவரும் கடை வைத்திருக்கிறவர். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பணத்தை எடுத்தார்.

"அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பி, "அப்பா, சார் நன்றி சொல்றார்" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு இருமல், கொஞ்சம் கனத்த குரலில், வந்தது.

நான் சிரிக்கவில்லை.